கொடிக்கு அடிக்கும் மருந்தல்ல

ராயப்பன்பட்டி
வெள்ளிக்கிழமை

அன்பு அண்ணன் ரூபனுக்கு,

கிளாரா எழுதுவது. நானும் என் மகள் பாப்பாவும் சுகம். தோஹாவில் உனக்கு வெயில் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார். அதனால் லீவு முடிந்து திரும்பும் உன் கூட்டாளி ஸ்டான்லியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போன மாதமே எழுதியிருக்க வேண்டும்.

அப்பா இருபத்தாறு நாள் நுரையீரல் புற்றுநோய் மாத்திரை போடவில்லை. இருமல் நின்றதும் நிறுத்திவிட்டார். அட்டை காலியாகாததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். கேட்டால், "ஏத்தா, திராட்சையில செவட்டை நோவு போயி இலை தெளிஞ்ச பெறகும் எவனாச்சும் மருந்தடிப்பானா? பக்கத்துத் தோட்டத்துக்காரன் சிரிப்பான்" என்கிறார்.

தப்பு என்னுடையது. மாத்திரை வாங்கிய அன்றைக்கு, "கொடிக்கு மருந்தடிக்கிற மாதிரிதான்ப்பா" என்று சொன்னவள் நான்தான். உயிர்வேதியியல் படித்து, செல்லுக்குள் சேதி போகும் பாதையைப் பரீட்சையில் படம் போட்டு எழுதியவள்.

மறுபடி உட்காரவைத்துச் சொன்னேன். செல்லின் மேல் ஒரு சுவிட்சு உண்டு. வெளியிலிருந்து சேதி வந்தால்தான் 'வளரு' என்று உள்ளே சொல்லும். அப்பாவுக்கு அது, பட்டன் உள்ளேயே மாட்டிக்கொண்ட கிணற்று மோட்டார் மாதிரி, யாரும் போடாமலே ஓடுகிறது. மாத்திரை அதை நிறுத்திப் பிடித்திருக்கும் கை. கையை எடுத்தால் மறுபடி ஓடும்.

அப்பா, "அப்ப எம்புட்டு நாளைக்குப் பிடிச்சுக்கிட்டே இருக்கிறது?" என்றார். நான் பாப்பாவுக்குச் சோறு ஊட்டப் போய்விட்டேன்.

மதுரை டாக்டரம்மாவிடம் தனியாகக் கேட்டேன். ஒரு பாதையை அடைத்தால் கட்டி என்றைக்காவது வேறு பாதை தேடிக்கொள்ளுமாம். எப்போது என்று சொல்ல முடியாதாம். புது ஸ்கேனில் கட்டி லேசாக வளர்ந்திருக்கிறது. பாப்பாவுக்கும் வருமா என்று கேட்டேன். இது பிறப்பில் வந்ததல்ல, பிற்பாடு அவர் நுரையீரலில் ஏற்பட்ட கோளாறு என்றார். பீடியே தொடாத மனுஷருக்கும் இது வருமாம்.

இப்போது மாத்திரையை நானே கொடுத்து, விழுங்கும்வரை நிற்கிறேன். "ஜெயிலரம்மா வந்துட்டாக" என்று பாப்பாவிடம் சொல்கிறார். அட்டையை அவளுக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் தோட்டத்தில் கொடி வெட்டும் கவாத்து. "ரூபன் வெட்டுனா ஒரு துளிர்க் கண்ணுகூட வீணாப் போகாது" என்று நேற்றுச் சொன்னார். நீ அடுத்த வருஷம் வருவதாகச் சொன்னாய். இந்தக் கவாத்துக்கே வந்துவிடு அண்ணே. அவர் காரணம் கேட்டால், ஆள் கிடைக்கவில்லை என்று நான் கூப்பிட்டதாகச் சொல்லிக்கொள்.

மாதா உன்னைப் பத்திரமாகக் கூட்டி வரட்டும்.

உன் தங்கை
கிளாரா