பிழைத்த பதினாறு

நெடுந்தீவு,
12.02.1980

கொழும்பில் வீற்றிருக்கும் கொம்பியூட்டர் அண்ணைக்கு,

நான் சுகம். நீங்களும் பழுதாகாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

இந்தக் கடிதத்தை அப்புத்துரை மாஸ்டருக்குத் தெரியாமல் விடைத்தாள் கட்டுக்குள் செருகுகிறேன். மாஸ்டர் எங்கள் கணக்கு வாத்தியார். மாதம் ஒருமுறை நாற்பது கேள்வி தருவார். ஒவ்வொன்றுக்கும் நாலு பெட்டி, ஒன்றைப் பென்சிலால் அடைக்கவேண்டும். பிறகு கட்டு வள்ளமேறி, பஸ் ஏறி, கோச்சியேறி உங்களிடம் வரும். நாங்கள் ஏறாத கோச்சியில் எங்கள் பிழைகள் ஏறுகின்றன.

மூன்று கிழமையில் நீங்கள் ஒரு நீளத் தாள் அனுப்புவீர்கள். அதில் பேர் கிடையாது, இலக்கம் மட்டும். எத்தனை பிழை என்பதோடு என்ன மாதிரிப் பிழை என்றும் சொல்கிறீர்களாம். போன வருடம் பாதி வகுப்பு அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று அடைத்திருந்தது. மாஸ்டர் உங்கள் தாளைப் பார்த்துவிட்டு, "மேலையும் கீழையும் கூட்டிப்போட்டியள் பிள்ளையள். பிழை உங்களிலை இல்லை, நான் படிப்பிச்ச விதத்திலை" என்று சொல்லிப் பின்னத்தை முதலில் இருந்து தொடங்கினார். வாத்தியாரைத் தோப்புக்கரணம் போடவைத்த முதல் அண்ணை நீங்கள்தான்.

ஒரு சின்ன விண்ணப்பம். இந்தக் கட்டில் இருபத்தெட்டுத் தாள் இருக்கிறது. பதினேழாம் இலக்கத்துக்கு எத்தனை பிழை வந்தாலும் அதைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடாதேயுங்கோ.

இப்படிக்கு,
பெட்டி அடைத்தே பென்சில் தேய்ந்த
பதினாறாம் இலக்கம்


கொழும்பு,
01.03.1980

அன்புள்ள பதினாறாம் இலக்கத் தங்கச்சிக்கு,

கொம்பியூட்டர் அண்ணைக்குக் கையும் இல்லை, கண்ணும் இல்லை. அவருக்குச் சோறூட்டுகிறவள் நான். உங்கள் தாளைப் பார்த்துப் பார்த்து அட்டையில் துளை போடுவது என் வேலை. பெயர் சறோஜினிதேவி. சொந்த ஊர் சுருவில். ஆகையால் நானும் தீவு ஆள்தான், அதனால்தான் உமது கடிதத்தை மேலதிகாரியிடம் கொடுக்காமல் கைப்பைக்குள் வைத்தேன்.

உமது விண்ணப்பம் விளங்கவில்லை. பிழை விடுகிற பிள்ளையை எடுத்துவிட அல்ல, பிடித்து வைத்துப் படிப்பிக்கத்தான் இந்தத் தாள். பதினேழும் நீரும் ஒரே பின்னக் கணக்கில் ஒரே பிழையை விடுகிறீர்கள். யார் யாரைப் பார்த்து எழுதுவது?

இன்னொன்றும் கேட்கவேண்டும். இரண்டு வருடமாகத் துளை போடுகிறவளுக்கு ஆளைத் தெரியாவிட்டாலும் கையைத் தெரியும். நீர் தாள் கிழிய அழுத்துகிறவர். பதினேழு மெல்லிசாக, ஒரே பக்கம் சாய்த்துக் கோடு கோடாக அடைப்பார். தை மாதம் தொடக்கம் அவரும் கிழிய அழுத்துகிறார். அந்தப் பிள்ளைக்குக் கையில் ஏதும் காயமா?

இத்துடன் இரண்டு பென்சில் அனுப்புகிறேன். ஒன்று உமக்கு, ஒன்று பதினேழுக்கு.

அன்புடன்,
சறோஜினி அக்கா


நெடுந்தீவு,
15.03.1980

அன்புள்ள சறோஜினி அக்காவுக்கு,

நாங்கள் கஷ்டப்பட்டு அடைக்கிற பெட்டியை நீங்கள் அங்கே ஓட்டையாக்குகிறீர்கள் என்று இன்றுதான் தெரிந்தது. பரவாயில்லை, எங்கள் மூளையும் அப்படித்தான்.

என் பெயர் ஞானசவுந்தரி. பெயரில் இருக்கிற ஞானம் கணக்குக்குள் இறங்கவில்லை. பதினேழு அன்னமுத்து. வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் இருக்கிறவள். அவளுடைய தாய் ஆச்சிமுத்து மாமியிடம் ஆறு மாடு. அன்னமுத்து மாட்டை எண்ணும்போதுகூடக் கொம்பை எண்ணி இரண்டால் பிரிப்பாள். மட்டக் குதிரைகள் கேணிக்குத் தண்ணீர் குடிக்க வந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வாத்தியாரின் பெயரை வைத்துக் கூப்பிடுவாள். அப்புத்துரை மாஸ்டருக்கு மட்டும் நொண்டிக் குதிரை.

கையில் காயம் ஒன்றும் இல்லை அக்கா. கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான். இப்போதெல்லாம் அவளுக்குக் கடலோடுதான் சிநேகம். வகுப்பில் சத்தம் போடுவதில்லை. மாஸ்டர் கேள்வி கேட்டால் எழும்புவதில்லை. நான் பகிடி விட்டாலும் சிரிப்பதில்லை. ஆனால் என் பக்கத்தில்தான் இருக்கிறாள், அதில் ஒரு மாற்றமும் இல்லை.

பென்சிலை அவளுடைய இடத்தில் வைத்தேன். உருண்டு என் பக்கம் வந்துவிட்டது. வாங்கு சாய்வு.

இப்படிக்கு,
சவுந்தரி


கொழும்பு,
20.05.1980

அன்புள்ள சவுந்தரிக்கு,

உமது கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். முதல் முறை சிரித்தேன். பிறகு சிரிக்க ஏலாமல் போய்விட்டது.

ஒரு செய்தி. இந்தப் பரீட்சையை நடத்துகிற முருகேசு ஐயா உங்கள் வகுப்புத் தாள்களை விரித்து வைத்துக்கொண்டு நேற்று என்னைக் கூப்பிட்டார். "நாலு மாதம் படிப்பிச்சும் பதினாறும் பதினேழும் அதே பெட்டியைத்தான் அடைக்குதுகள். தாளைப் பார்த்தால் போதாது, பிள்ளையளைப் பார்க்கவேணும்" என்கிறார். ஆடி மாதம் நெடுந்தீவுக்கு வருகிறார். உங்கள் இருவரையும் முன்வாங்கில் இருத்தி, அந்தக் கணக்கை எப்படிச் செய்கிறீர்கள் என்று வாயால் சொல்லச் சொல்லிக் கேட்கப்போகிறாராம்.

தங்கச்சி, முன்வாங்கில் இரண்டு பேர் இருப்பீர்களா?

அன்புடன்,
சறோஜினி அக்கா


நெடுந்தீவு,
02.06.1980

அன்புள்ள அக்காவுக்கு,

ஒருவர்தான்.

அன்னமுத்து போன கார்த்திகையில் கடலில் போய்விட்டாள். இதை எழுத நான்கு மாதம் பகிடி விடவேண்டி இருந்தது.

உங்கள் தாளில் பின்னம் பிழைத்தவர்களுக்குச் சனிக்கிழமைகளில் புங்குடுதீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் விசேட வகுப்பு. எல்லாத் தீவுப் பிள்ளைகளும் வருவார்கள். புரட்டாதியில் என் இலக்கம் வந்தது. போனேன். எனக்கு வலைப்பந்து விளையாட்டுப் போயிற்று, அந்த எரிச்சலில் ஒன்றும் படிக்கவில்லை. ஐப்பசிப் பரீட்சையில் அன்னமுத்துவிடம், "வாடி, மெசினை ஏமாத்துவம். என்ர தாளை நீ எழுது, உன்ரையை நான் எழுதிறன்" என்றேன். அவளுக்கு அது பகிடி. மெசினுக்குத் தலை சுற்றும் என்று சிரித்தாள். அவளுடைய பெயர் சனிக்கிழமைப் பட்டியலில் வரும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அது தோன்றவில்லை.

பட்டியல் வந்தது. பதினேழு, பின்னம் பிழை. ஆச்சிமுத்து மாமி பள்ளிக்கூட வாசலில் வைத்தே ஏசினார். "கணக்கு ஏலாதவளுக்கு என்ன சிரிப்பு? நாளைக்கு வள்ளமேறு." அன்னமுத்து என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பிறகு கேணியடியில், "உனக்காக இரண்டு சனிக்கிழமை. மூண்டாவது சனிக்கு நீயே சொல்லிப்போடு" என்றாள்.

இரண்டாவது சனி திரும்பி வரும்போது வாடைக்காற்று. பஸ்ரியாம்பிள்ளையரின் வள்ளம் சரிந்தது. மற்ற நாலு பிள்ளைகளையும் தூக்கிவிட்டார்கள். அவளைக் கடல் இன்னும் தரவில்லை. அன்றைக்குப் பிறகு மாஸ்டர் என் கொப்பியில் சரி போட்டாலும் எனக்கு அந்தச் சொல் சரிந்துதான் தெரிகிறது.

அந்த வள்ளத்தில் இருந்திருக்கவேண்டியவள் நான். நான் பிழைத்தேன். எந்தக் கருத்தில் என்று கேட்காதேயுங்கோ, இரண்டு கருத்திலும்தான்.

தை மாதம் புதுத் தாள்கள் வந்தன. பதினேழுக்கும் ஒன்று. மாஸ்டர் அதை அவளுடைய வெறும் இடத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு அப்பால் போனார். நான் எடுத்து அடைத்தேன். அடைக்காவிட்டால் அந்த இலக்கத்தை வெட்டிவிடுவீர்கள், பதினெட்டு பதினேழாகிவிடும், என் பக்கத்தில் வேறு ஆள் வந்து இருக்கும். மாஸ்டருக்குத் தெரியும். கட்டுக் கட்டும்போது இருபத்தெட்டு எண்ணுகிறார். வகுப்பில் இருபத்தேழு தலை. பதினேழின் பெறுபேறு வாசிக்கும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மனப்பாடமாகச் சொல்கிறார்.

ஆச்சிமுத்து மாமிக்குத் தெரியாது. அவர் சந்திக்கிற ஆட்களிடமெல்லாம், "என்ர பிள்ளைக்குக் கணக்கு ஏலாது, நான்தான் ஏசி ஏத்திவிட்டன்" என்று சொல்கிறார். நான் மாமி வீட்டு வாசல் படலையைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகவேண்டும். மாமி என்னைக் காணும்போதெல்லாம், "அவளும் உன்னைப் போலை கெட்டிக்காரியா இருந்திருந்தால்" என்கிறார். ஐப்பசியில் எனக்கு நாற்பதுக்கு முப்பத்தொன்பது.

எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. முருகேசு ஐயா வந்தால் நான் என்ன செய்ய?

சவுந்தரி


கொழும்பு,
14.06.1980

அன்புள்ள சவுந்தரி,

நான் உமக்கு ஆறுதல் எழுதப்போவதில்லை. எழுதுகிற தகுதி எனக்கு இல்லை.

ஐப்பசிக் கட்டு என் கைக்கு வந்தபோது பதினாறின் தாளில் மெல்லிய கோடுகள் இருந்தன. பதினேழின் தாள் கிழிய அழுத்தி இருந்தது. கை மாறிவிட்டது என்று எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. சந்தேகமான தாளைப் புறம்பாக வைக்கவேண்டும் என்பது எங்கள் விதி. வைத்திருந்தால் உங்கள் இருவருக்கும் மறுபரீட்சை வந்திருக்கும். நான் குழந்தைப் பிள்ளைகளின் குறும்பு என்று சிரித்துக்கொண்டே துளை போட்டேன். கொம்பியூட்டர் பிழை விடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கொடுத்ததை அது அப்படியே நம்பியது.

தை மாதம் மெல்லிய கோடு வராமல் விட்ட நாள் முதல் எனக்கு நித்திரை சரியில்லை. காயமா என்று கேட்டது காயத்துக்காக அல்ல.

இன்று காலை முருகேசு ஐயாவிடம் என் பங்கைச் சொல்லிவிட்டேன். உமது பங்கைச் சொல்லவில்லை. அது உமது வாயால் வரவேண்டியது, அவரிடம் அல்ல. பிழை துளை போட்ட கையில்தான் என்று முடிவுகட்டிவிட்டார், இனி வரமாட்டார். என்னை வேறு பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள். இனி உங்கள் கட்டுக்கு வேறு கை.

போகுமுன் ஒரு களவு செய்தேன். பழைய தாள்களை ஒரு வருடம் வைத்திருந்து எரிப்பார்கள். ஐப்பசியின் பதினாறாம் தாளை எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். மேலே உமது இலக்கம், கீழே முழுவதும் அன்னமுத்துவின் கை. முப்பத்தொன்பது சரி. இது உம்முடையதல்ல, என்னுடையதுமல்ல. உரியவரிடம் கொடும்.

பதினேழாம் தாளை இனி அடைக்க வேண்டாம். வெறுமையாகவே அனுப்பும்.

சறோஜினிதேவி


நெடுந்தீவு,
17.08.1980

அன்புள்ள அக்காவுக்கு,

இது உங்கள் கைக்கு வருமோ தெரியாது. கட்டுக்குள் வைத்தால் வேறு கை பிரிக்கும் என்று உங்கள் ஊர் சுருவில் வீட்டுக்குப் போடுகிறேன்.

தாளை இரண்டு கிழமை சட்டைப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். பிறகு ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது படலையைத் திறந்து போய் ஆச்சிமுத்து மாமியின் மடியில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு பகிடியும் வரவில்லை.

மாமிக்கு எழுத்துத் தெரியாது. "இதிலை எது அவள்?" என்று கேட்டார்.

"முழுக்க அவள்தான் மாமி."

"பிழையோ?"

"ஒண்டே ஒண்டுதான் பிழை. பின்னமெல்லாம் சரி."

ஒவ்வொரு பெட்டியாக விரலை வைத்துத் தடவினார். நாற்பதும் தடவி முடிய விரல் நுனி கறுத்துவிட்டது. அதைத் துடைக்கவில்லை. என்னைப் பார்க்காமல், "போ" என்றார். வாறன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெறும் போக்காகவே போனேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்தப் படலை எனக்குத் திறக்கவில்லை. நான் வருகிற நேரம் மாமி மாட்டோடு பின்வளவுக்குப் போய்விடுவார்.

ஆனி மாதப் பரீட்சைக்குப் பதினேழாம் தாளை வெறுமையாக வைத்தேன். பெறுபேற்றில் அந்த இலக்கத்துக்கு நேரே ஏ பி எஸ் என்று அடித்திருந்ததாம். அண்ணைக்குத் தமிழ் தெரியாது. மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்: "பதினேழு, வரவில்லை." அதற்கு முதல் வாசித்தது என்னுடையது: பதினாறு, பின்னம் பிழை, சனிக்கிழமை வகுப்பு.

நேற்றுத்தான் அந்தச் சனி. விடிய மாவிலித்துறைக்குப் போனேன். வள்ளத்தைக் கண்டதும் நின்றுவிட்டேன். இறங்குதுறையில் ஆச்சிமுத்து மாமி நின்றார். யார் சொன்னதோ தெரியாது. கிட்ட வந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன், அடித்தால் நல்லம் என்றும் நினைத்தேன்.

"அவளுக்குத் தெரிஞ்ச அந்தக் கணக்கு என்னெண்டு படிச்சு வந்து எனக்குச் சொல்லு" என்றார்.

ஏறினேன். போகும்போது தண்ணீரைப் பார்க்கவில்லை. வரும்போது முழுநேரமும் பார்த்தேன். நடுக்கடலில் யாரோ கொம்பை எண்ணி இரண்டால் பிரிக்கிற மாதிரி ஒரு முணுமுணுப்பு. யந்திரச் சத்தமாக இருக்கும். பஸ்ரியாம்பிள்ளையரும் அந்த இடத்தில் தலைத்துண்டைக் கழற்றினார்.

பின்னேரம் மாமி வீட்டுக் குசினியில் இருந்தோம். மாமி தானே பனம்பழம் பிழிந்து காயவைத்த ஒரு பனாட்டும் கத்தியும் எடுத்துத் தந்தார். அதை ஆறு துண்டாக வெட்டினேன். "அரை எண்டால் இந்த மூண்டு. மூண்டிலை ஒண்டு எண்டால் இந்த இரண்டு. கூட்டினால் ஐஞ்சு மாமி. ஆறிலை ஐஞ்சு."

"இவ்வளவுதானோ?" என்றார் மாமி.

"இவ்வளவுதான்."

"இதுக்கோ" என்றார். ஐந்து துண்டையும் என் பக்கம் தள்ளிவிட்டார். நான் ஒன்றை எடுத்துக் கடித்தேன். மிஞ்சின ஆறாவது துண்டு தட்டில் இருந்தது. நான் எழும்பும்வரைக்கும் இருவரும் அதைத் தொடவில்லை.

"போட்டு வாறன் மாமி" என்றேன்.

மாமி அந்தத் துண்டுக்கு மேலே ஒரு கோப்பையைக் கவிழ்த்து மூடினார். பிறகுதான், "வா" என்றார்.

இப்படிக்கு,
ஞானசவுந்தரி