விறகு வரி

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு

சின்னாளபட்டிச் சாயப்பட்டறைச் சங்கத்தில் இன்று ஒரே களேபரம். எங்கள் சாய நூலில் நெய்த சேலைகளை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, ஓராண்டுக்குள் கார்பன் புகையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கச் சொல்லிவிட்டது. இல்லையென்றால் ஆர்டர் கிடையாது. மரத்தை எரித்தாலும் அவர்களுக்குக் கணக்குதானாம்.

"இனி வெறகடுப்பே கூடாது. எல்லாரும் கேஸ் பாய்லர். ஒரே சட்டம், முடிஞ்சு போச்சு" என்றார் தலைவர் முத்துக்கிருஷ்ணன். கேஸ் பாய்லர் வைக்க இருபத்திரண்டு பட்டறையில் நாலு பேருக்குத்தான் வசதி. அதில் அவர் ஒருத்தர். நான் இல்லை. என் பட்டறையை மூடினால் ஒன்பது பேருக்கு வேலை போகும். விடுவேனா? எழுந்து சொன்னேன்:

"வெறகுக்கு டன்னுக்கு இம்புட்டுன்னு வரி போடுங்கண்ணே. கைக்காசு போனா அவனவனுக்குத் தானா வழி தெரியும்."

"வசதியுள்ளவன் வரியைக் கட்டிட்டுப் பொகைச்சுக்கிட்டே இருப்பானேம்மா?"

தலைவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனாலும் நான் அசரவில்லை. "அப்ப வலிக்கிற மாதிரி போடுங்க!"

ஓட்டெடுப்பில் 12–10. ஜெயித்துவிட்டேன்.

பிப்ரவரி 10

ரெண்டே ஓட்டு வித்தியாசம். இருக்கட்டும், ஜெயிச்சது ஜெயிச்சதுதான்.

ஏப்ரல் 4

முதல் மாத வரி. சங்கத்திலேயே அதிகம் யாருக்கு? எனக்கு! எப்படி? பக்கத்துப் பட்டறை இருளப்பனும் நானும் ஒரே அளவு நூல்தானே நனைக்கிறோம்? அடுப்பைப் பார்க்கும் கருப்பம்மாளிடம் கத்தினேன்.

"எம்மேல ஏன்க்கா பாயுறீக? பச்சை வெறகு எடை தூக்கும், எரியாமப் பொகையும். செட்டுல அடுக்கிக் காய வைப்போம்னு எத்தனை வாட்டி சொன்னேன்? காரு நிக்க எடம் வேணும்னீக."

சொன்னாள்தான். ஆறு வருஷமாகச் சொல்கிறாள். காசு போன பிறகுதான் என் காதில் ஏறியிருக்கிறது — சே, என்ன ஜென்மம் நான்!

ஏப்ரல் 5

காரை வெயிலில் நிறுத்தியாயிற்று. செட் நிறைய விறகு.

ஜூலை 12

விறகுச் செலவு பாதிக்குப் பக்கமாக இறங்கிவிட்டது. மற்ற பட்டறைக்காரர்களும் வந்து கருப்பம்மாளிடம் கேட்டுப் போகிறார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

பிப்ரவரி 1, 2026

கம்பெனிக்காரர்கள் அளந்து பார்த்தார்கள். தேறிவிட்டோம், ஆர்டர் உண்டு. ஆனால் இரண்டு பேர் வரியைக் கட்டிவிட்டுப் பச்சை விறகிலேயே புகைக்கிறார்கள். முத்துக்கிருஷ்ணன் சொன்னது நடந்தது. "பச்சை வெறகு எரிக்கக் கூடாதுன்னு சட்டமும் போடுவோமா?" என்றார். முதலில் கை தூக்கியது நான்தான். வரி வழியைக் காட்டிவிட்டது. அதில் வராதவர்களைச் சட்டம் இழுத்து வரட்டும்.

விறகைச் சோதிக்க ஆள் யார் என்று கேட்டார். கருப்பம்மாள் பெயரைச் சொன்னேன்.

பிப்ரவரி 15

கருப்பம்மாளுக்கு இன்று முதல் நாள். அடுப்புக்குப் போன ஒரு லோடு விறகு இன்னும் ஈரமாக இருக்கிறதென்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

என் லோடு.