அப்பா வாயால் ஒரு துஆ

பஞ்சகெந்த்
3 ஆகஸ்ட் 2004

பர்வினாவின் அப்பாவுக்கு, மஸ்தூரா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். ருஷ்யாவில், அந்தச் சமாராவில் உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? இறைச்சி வைக்கிற ஐஸ் கிடங்கில் காவல் வேலை வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா நீங்கள்.

நல்ல செய்தி. நம் பெண்ணுக்கு நிச்சயமாகிவிட்டது. பையன் பெயர் ஃபிர்தவ்ஸ், மருந்துக்கடையில் வேலை. அக்டோபர் முதல் சனிக்கிழமை கல்யாணம். சம்பந்தியம்மாள் உட்கார்ந்ததும் கேட்டாள், "பொண்ணோட அப்பா எங்கே? வாசல்ல கையேந்தி யாரு துஆ செஞ்சு பொண்ணை அனுப்புவாங்க?" அவர்தான் செய்வார் என்று சொல்லிவிட்டேன். என் அண்ணன் ஹகிம் சும்மா இருப்பானா? "மச்சான் ருஷ்யப் பாஷையில செய்வாரு. அல்லாவுக்குப் புரிஞ்சா சரி" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். டீ ஊற்றிக்கொண்டிருந்த பர்வினா கெண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆப்கான் போரிலிருந்து திரும்பிய கையோடு என்னைக் கட்டினீர்கள். அன்றிலிருந்து நம் தாஜிக் பேச்சில் ஒரு வார்த்தை பேசியதில்லை. உப்புக் கேட்பதும் ருஷ்ய மொழி, கோபித்துக்கொள்வதும் ருஷ்ய மொழி. ஊரே உங்களைத் துரை என்றது. தபால் நிலையத்தில் போன் வாங்கிக் காதில் வைத்தால் நீங்கள் மூச்சு விடுவதுதான் கேட்கிறது. சமாராவுக்குப் போன பிறகு கடிதத்தில் மட்டும் எவ்வளவு அழகாக நம் பேச்சில் எழுதுகிறீர்கள். எழுதுகிற ஆளுக்குப் பேச என்ன கேடு?

பர்வினா கேட்கிறாள். ஒரே ஒரு தடவை, நம் பேச்சில். வந்துவிடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
மஸ்தூரா


சமாரா
19 ஆகஸ்ட் 2004

அன்புள்ள மஸ்தூரா,

செய்தி படித்துவிட்டு நாள் முழுக்கத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். மூட்டுக்கு ஒன்றுமில்லை. கல்யாணச் செலவுக்குக் கவலைப்படாதே. ஆனால் துஆவை ஹகிமே செய்யட்டும்.

ராணுவத்தில் டிரைவராக இருந்தேன் என்று உன் அப்பாவிடம் சொன்னது பொய். மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆப்கானிலும் நம் பேச்சுத்தானே. ருஷ்யச் சிப்பாய் கத்தினால் கதவைத் தாழ் போட்டுக்கொள்வார்கள். நான் கூப்பிட்டால் திறப்பார்கள். "எந்த ஊருப்பா நீ? சாப்டியா?" என்பார்கள், துப்பாக்கியோடு நிற்கிறவனைப் பார்த்து.

ஒரு ஊரில் ஒரு வீட்டுக்குள் ஆட்கள் ஒளிந்திருப்பதாகத் தகவல். அதிகாரி என்னைக் கூப்பிடச் சொன்னார். "அக்கா, வெளியே வாங்க. ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்" என்றேன். கையில் மாவு ஒட்டியிருக்க ஒருத்தி வந்தாள். பின்னால் அவள் மாமியார், மூன்று பிள்ளைகள். வேறு யாரும் உள்ளே இல்லை. பிறகு நடந்ததை எழுத மாட்டேன். ஒருவரும் மிஞ்சவில்லை. சுட்டவன் நான் இல்லை. அதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருபது வருடம் ஓட்டிவிட்டேன். ஆனால் அவர்கள் என் குரலை நம்பித்தான் வந்தார்கள்.

அந்தக் குரலை என் பெண்ணுக்குக் கொடுக்கச் சொல்லாதே.

நுஸ்ரத்


பஞ்சகெந்த்
5 செப்டம்பர் 2004

பர்வினாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். அதில் எனக்குப் புதிதாக எதுவும் இல்லை. தூக்கத்தில் எந்த மொழியில் பேசுகிறீர்கள் என்று நினைத்தீர்கள்? அந்தப் பெண்ணின் மாவுக் கை வரைக்கும் எனக்குத் தெரியும். கேட்டால் உடைந்துபோவீர்கள் என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். உங்களை சமாராவுக்குப் போகச் சொன்னது சம்பாத்தியத்துக்காக மட்டும் இல்லை. எனக்கும் தூங்க வேண்டியிருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

பர்வினா சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக் கேட்டே வளர்ந்தாள். போன வாரம் தலை பின்னிவிடும்போது சொல்கிறாள்: "அப்பா யாரையோ கூப்பிடுவாரும்மா, அவ்வளவு பிரியமா. என்னைத்தான் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்ல."

நாலு வாக்கியம் போதும். பெயரைச் சொல்லுங்கள், நல்லபடியாக வாழ் என்று சொல்லுங்கள். பிறகு ஆமீன். அதற்குமேல் உங்களிடம் எதுவும் கேட்கமாட்டேன்.

மஸ்தூரா


சமாரா
14 செப்டம்பர் 2004

அன்புள்ள மஸ்தூரா,

கிடங்கில் தொங்குகிற மாட்டுத் தொடைகளுக்கு முன்னால் நின்று துஆவைச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். கூட வேலை செய்கிற உமர் நம் குல்யாப் பக்கத்து ஆள். என் வாயில் நம் பேச்சைக் கேட்டுத் திடுக்கிட்டுப்போனான். இத்தனை நாளும் என்னை ருஷ்யாவிலேயே பிறந்த தாத்தார்க்காரன் என்று நினைத்திருந்தானாம். இப்போது, "என்னண்ணே, மாட்டைக் கட்டிக்குடுத்து அனுப்புறீங்களா?" என்று கேலி செய்கிறான்.

வருகிறது, மஸ்தூரா. முதலில் திக்கியது. இப்போது நன்றாகவே வருகிறது. மாத இறுதி ரயிலில் கிளம்புகிறேன். பர்வினாவிடம் சொல், பெயர் சொல்லிக் கூப்பிடுவேன் என்று.

நுஸ்ரத்


பஞ்சகெந்த்
20 அக்டோபர் 2004

பர்வினாவின் அப்பாவுக்கு,

சொல்லிக்கொள்ளாமல் ரயிலேறிப் போனதைக் குறையாகச் சொல்லவில்லை. வாசலில் என்ன நடந்தது என்பது உங்களுக்கே நினைவிருக்குமோ என்னவோ, அதனால் எழுதுகிறேன்.

நன்றாகத்தான் ஆரம்பித்தீர்கள். "பர்வினா, என் கண்ணே" என்றீர்கள். தலைக்கு மேல் பிடித்த குர்ஆனுக்கும் ரொட்டிக்கும் கீழே குனிந்து வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முக்காட்டுக்குள் சிரித்தாள், நான் பார்த்தேன். சம்பந்தியம்மாள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உன் கதவை எந்தச் சிப்பாயும் தட்டாம இருக்கட்டும்" என்றீர்கள். அங்கேதான் தடம் மாறியது. அந்த ஊர், அந்த வீடு, மாமியார், பிள்ளைகள் என்று போய்க்கொண்டே இருந்தீர்கள். துஆ செய்கிறவர் ஆமீன் சொல்லாமல் யார் கையை இறக்குவார்கள்? தெரு முழுக்க ஏந்திய கையோடு நின்று கேட்டது. எனக்கு எழுத மாட்டேன் என்றீர்களே, அதையும் கேட்டது. அந்த மூன்று பிள்ளைகளில் சின்னது ஓடிவந்து உங்கள் காலைக் கட்டிக்கொண்டதை. நீங்கள் குனிந்து அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டதை.

ஹகிம், "போதும் மச்சான், போதும்" என்று முணுமுணுத்தான். உங்கள் காதில் விழவில்லை. கடைசியில் பர்வினாதான் உரக்க "ஆமீன்" என்றாள். முகத்தைக் கையால் தடவிக்கொண்டு, உங்களைப் பார்க்காமல் காரில் ஏறினாள். பிறகுதான் மற்றவர்கள் கையை இறக்கினார்கள். புலாவ் அண்டாவோடு மிஞ்சியது.

அவள் அங்கே நன்றாக இருக்கிறாள். மாப்பிள்ளை தங்கமான பையன். ஆனால் சம்பந்தியம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "நாளைக்குப் பேரப்புள்ள பொறந்தா அந்த மனுஷன் தூக்கக் கூடாது." பர்வினா எதிர்த்துப் பேசவில்லை. ஏன் என்று கேட்டேன். "நான்தானேம்மா பேசச் சொன்னேன்" என்றாள்.

நானும்தான் சொன்னேன். என்னைத் திட்டுங்கள், பொறுத்துக்கொள்கிறேன். பேச வேண்டாம், ஊருக்கும் வர வேண்டாம். ஆனால் எழுதுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்தக் கடிதங்களில்தான் எனக்கு ஒரு புருஷன் இருந்தார்.

மஸ்தூரா


சமாரா
11 நவம்பர் 2004

மதிப்பிற்குரிய மஸ்தூரா அவர்களுக்கு,

இதை ருஷ்ய மொழியில் எழுதியுள்ளேன். பக்கத்துத் தெரு ஆசிரியை உங்களுக்குப் படித்துச் சொல்வார் என நம்புகிறேன். தாஜிக்கில் எழுத உட்கார்ந்தேன். உங்கள் பெயருக்கு மேல் ஒரு வரியும் வரவில்லை.

உடல்நிலை சீராக உள்ளது. வேலை தொடர்கிறது. பனி விழுவதற்குள் நிலக்கரி வாங்கிவைக்கவும். மகளுக்கும் மருமகனுக்கும் என் வாழ்த்துகளைத் தெரிவிக்கவும்.

பதில் எழுதுவதானால் ஆசிரியையையே ருஷ்ய மொழியில் எழுதித் தரச் சொல்லவும்.

இப்படிக்கு,
நு. ரஹிமோவ்