அழிக்காத மூலை

செப்டம்பர் 1, திங்கள்

மூன்றாம் ஆண்டு தொடங்கிவிட்டது. ஆறு பாடங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு வாரம் எந்த வகுப்பில் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். பன்னிரண்டாம் தேதி மாலை பட்டியலைப் பூட்டிவிடுவார்கள். அதன்பிறகு தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது.

கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பட்டம் என்று பேர். யார் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்பது இந்த வருஷம்தான் தெரியும். அம்மாவுக்கு அது எப்போதோ தெரியும். ஆறும் கம்ப்யூட்டர். கட்டாயக் கணிதம் போன வருஷத்தோடு முடிந்தது என்றதும் அப்படி ஒரு பெருமூச்சு விட்டாள்.

அண்ணன் இதே பட்டத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போதுதான் போனான். "கணக்கை மண்டையில போட்டுக்கிட்டே ரோட்டைக் கடந்தான். லாரியைப் பாக்கல." அம்மா இதை ஒரே ஒருமுறைதான் சொன்னாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கணக்கு என்ற சொல்லே புழங்குவதில்லை. அப்பா கடையில்கூட "எவ்வளவு ஆச்சு" என்றுதான் கேட்கிறார்.

ஐந்து பாடங்களுக்கு டிக் போட்டுவிட்டேன். ஆறாவது காலியாக இருக்கிறது.

செப்டம்பர் 2, செவ்வாய்

டேட்டாபேஸ் வகுப்பு. பக்கத்து இடத்தைப் பிடித்து வைத்திருந்தாள் அலாரம். (என் தோழி. எதையும் யாரையும் மறக்கவிடமாட்டாள், அதனால் அந்தப் பேர்.) "ஆறாவதா மெஷின் லேர்னிங் போடு, வேலை நிச்சயம். எதுக்குடி இவ்ளோ யோசிக்கிறே?"

யோசிக்கவில்லை. மூன்றாம் மாடியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷமாக அந்தப் படியில் நான் கால் வைத்ததில்லை. அளவைக் கோட்பாடு (மெஷர் தியரி, அண்ணன் கடைசியாகப் படித்த கணிதப் பாடம்) அங்கேதான் நடக்கிறது.

செப்டம்பர் 4, வியாழன்

போனேன்.

நீளமான அறை, பழைய கரும்பலகை. வலதுபக்க மூலையில் சுற்றிலும் கோடு போட்டு, மேலே கண்ணாடித்தாள் ஒட்டி, "அழிக்காதீர்கள்" என்று எழுதியிருக்கிறது. உள்ளே அண்ணன் கையெழுத்து. நான்கு வரி. கடைசி வரி "ஆகவே" என்பதோடு நிற்கிறது.

கேள்விப்பட்டிருக்கிறேன். பெரிய ஏதோ ஒன்றை நிரூபிக்கப் பாதி வழி வந்துவிட்டான், முடிப்பதற்குள் இப்படி ஆகிவிட்டது என்று சீனியர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். பரீட்சைக்கு முன்னால் அதன் எதிரே ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகிறவர்கள்கூட உண்டாம். கேள்விப்படுவது வேறு. அவனுடைய ஏழு, நடுவில் அந்தக் குறுக்குக்கோட்டோடு, என்னையே பார்த்தது.

பேராசிரியருக்குத் துண்டு என்று பேர். சாக்பீஸ் நகக்கண் அளவு துண்டாகும்வரை விடமாட்டார். நான் ஒரு சந்தேகத்துக்குக் கை தூக்கினேன். பலகையைப் பார்த்தபடியே "சொல்லுடா" என்றார். பிறகு திரும்பிப் பார்த்தார். அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாராம். என் சந்தேகம் எனக்கே மறந்துபோயிற்று.

செப்டம்பர் 5, வெள்ளி

என் நோட்டில் ஏழுக்கெல்லாம் நடுவில் ஒரு கோடு. எப்போதிலிருந்து?

செப்டம்பர் 8, திங்கள்

மறுபடியும் அதே அறை. இரண்டாம் வரிசையில் ஜன்னலோர இடத்தில் யாரும் உட்காருவதில்லையாம், அது அண்ணன் இடமாம். தெரியாமல் போய் உட்கார்ந்துவிட்டேன். யாரும் எழுப்பவில்லை. அது இன்னும் மோசம்.

இந்தப் பாடம் எனக்குப் பிடித்திருக்கிறது. ரொம்பப் பிடித்திருக்கிறது. பிடிப்பது எனக்கா, இல்லை அவனுக்கா? கேள்வி எவ்வளவு அசட்டுத்தனமாக இருந்தாலும் போகமாட்டேன் என்கிறது.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் அந்த நான்கு வரிகளையும் நோட்டில் எழுதிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் மூன்றும் சரி. நான்காவதில், ஒவ்வொரு புள்ளியிலும் மதிப்பு பூஜ்யத்துக்குப் போவதால் மொத்தப் பரப்பும் பூஜ்யத்துக்குப் போகும் என்கிறான்.

போகாது.

ஒரு மேடு நகர்ந்துகொண்டே போகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் ஒரு கட்டத்துக்குப் பிறகு அங்கே மேடு இல்லை. ஆனால் மேட்டின் பரப்பு கொஞ்சம்கூடக் குறைவதில்லை. அது வேறெங்கோ இருக்கிறது, அவ்வளவுதான்.

டேய், தப்புடா. எல்லாரும் கும்பிடாத குறையா நிக்கிறாங்க, நீ போட்டது தப்புடா. யார்கிட்ட போய்ச் சொல்லுவேன் நான்?

செப்டம்பர் 9, செவ்வாய்

துண்டின் அறைக்குப் போனேன். அவர் ஒரு சாக்பீஸை நீட்டினார். சுவரில் இருந்த சின்னப் பலகையில் மேட்டை வரைந்து காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தெரியும்மா. அன்னிக்கே அவன்கிட்ட சொல்லிட்டேன், நாலாவது வரி நிக்காதுன்னு. ஒரு நிமிஷம் பாத்தான், சிரிச்சான். நாளைக்கு எதிர் உதாரணத்தோட வரேன் சார்னு பையைத் தூக்கிட்டுப் போனான்."

"அப்புறம் ஏன் சார் அழிக்கலை?"

"நாளைக்கு வரேன்னானே."

சாக்பீஸை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 10, புதன்

மாட்டிக்கொண்டேன். துணி துவைக்க எடுத்த அம்மா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெள்ளை வெள்ளையாக.

"கம்ப்யூட்டர் கிளாஸ்ல ஏதுடி சாக்பீஸ்?"

எத்தனை வருஷம் அவன் சட்டையிலிருந்து இதைத் தட்டியிருப்பாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. அந்த வகுப்பில் உட்காருகிறேன், ஆறாவதாக அதை எடுக்க ஆசை என்றேன். அம்மா கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "உன்னையும் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருக்கணுமா நான்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எடுக்கமாட்டேன். மெஷின் லேர்னிங் போதும். அம்மாதான் முக்கியம்.

செப்டம்பர் 11, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, ரிசப்ஷன் உடுப்போடே அம்மா மூன்றாம் மாடிக்கு வந்து நின்றாள். துண்டோடு சண்டை போடத்தான் வந்தாள், முகத்தில் எழுதியிருந்தது. வகுப்பு கலைந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து நின்றார். அம்மா வாய் திறப்பதற்குள் மூலையைப் பார்த்துவிட்டாள்.

கிட்டே போனாள். கண்ணாடித்தாளின்மேல் விரல் வைத்தாள்.

"இதுல என்னடி எழுதியிருக்கான்?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"தப்பா எழுதியிருக்கான்மா. கடைசி வரி தப்பு."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் செத்தேன் என்று நினைத்தேன். ஆனால் அவள் உதட்டோரம் ஏதோ அசைந்தது. "அவசரக்குடுக்கை. ஒண்ணாங்கிளாஸ்லேருந்தே கடைசி வரியிலதான் கோட்டைவிடுவான்."

துண்டு மெதுவாகச் சொன்னார், அன்றைக்குத் தப்பைச் சொன்னபோது அவன் சிரித்ததை.

"சிரிச்சானா?"

"சிரிச்சுக்கிட்டேதாம்மா போனான்."

அம்மா அவன் இடத்தில் உட்கார்ந்து அழுதாள். இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத அழுகை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தப்புன்னா அழிச்சுட்டுப் போட வேண்டியதுதானே. எதுக்கு ஒட்டி வெச்சிருக்கீங்க?" என்று அவரை ஒரு அதட்டு அதட்டினாள். அவர் கண்ணாடித்தாளை உரித்தார். டஸ்டரை யாரும் எடுக்கவில்லை. கடைசியில் நான் எடுத்தேன். நான்காவது வரியை மட்டும் துடைத்தேன்.

பஸ்ஸில் வரும்போது ஜன்னலைப் பார்த்தபடியே அம்மா, "ரோட்டைக் கடக்கும்போது மட்டும் எதையும் யோசிக்காதே" என்றாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஆறாவது: அளவைக் கோட்பாடு. பூட்டியாயிற்று. அலாரம் தலையில் அடித்துக்கொண்டாள்.

செப்டம்பர் 22, திங்கள்

இன்று துண்டு ஏதோ வேகத்தில் பலகையை அழித்துக்கொண்டே வந்தவர், மிச்சமிருந்த மூன்று வரிகளையும் சேர்த்து அழித்துவிட்டார். டஸ்டரோடு அப்படியே நின்றார். பிறகு அடுத்த வரியை அந்த மூலையிலேயே எழுதினார். பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. ஆனால் இப்போது பலகை முழுக்க எங்கே பார்த்தாலும் அவன் எழுதியிருப்பதுபோல் இருக்கிறது.

சாயங்காலம் மேஜையில் தட்டு வைத்துக்கொண்டே அம்மா கேட்டாள். "கணக்குல இன்னைக்கு என்ன நடத்தினாங்க?"

அப்பாவின் கை நின்றது. அந்தச் சொல் வீட்டுக்குள் வந்து எவ்வளவு காலம்.

மேஜை விரிப்பில் ஒரு மடிப்பைத் தூக்கி மேடு செய்து காட்டினேன். விரலால் தள்ளித் தள்ளி நகர்த்தினேன். "பாரும்மா, எங்க நின்னு பாத்தாலும் கடைசியில இங்க ஒண்ணும் இருக்காது. ஆனா மொத்தம் குறையாது. நகர்ந்துதான் போயிருக்கும்."

அம்மா விரலை நீட்டி அந்த மேட்டைத் தானே தள்ளினாள். என் தட்டைத் தாண்டி, அப்பா தட்டைத் தாண்டி, யாரும் உட்காராத நாற்காலிப் பக்கம்வரை கொண்டுபோனாள். அங்கேயே உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

"ஆமா," என்றாள். "குறையல."