மீனாச்சி விட்டுவைத்த மஞ்சள் பூ

என் மீனாச்சிக்கு,

நான் சொல்லச் சொல்ல நம்ம மருமகள் எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது, மறதியும் வராது. நீ போய் நாலு வருஷம் கழித்துக் கடிதம் எதற்கென்று கேட்பாய். உனக்கு ஒரு நல்ல சேதி இருக்கு, புள்ள.

தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிக்கத் தண்ணீர் மொள்ளும் குட்டை ஞாபகம் இருக்கா? பாசி எடுக்க உன்னைத்தான் கங்காணி அதில் இறக்கினார். நீ மஞ்சள் பூ பூத்ததை மட்டும் ஒரு மூலையில் விட்டுவிட்டுக் கரையேறினாய். "இதை ஏன் விட்ட?" என்றார்.

"அது கொசுப்புழு திங்குதுங்க. கடுகு கணக்கா பை பையா இருக்கு. வெளுத்த பைக்குப் பசி. கறுத்த பைக்கு வயிறு நெறஞ்சிருச்சு."

மறுநாள் காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிட்டார்கள். தோட்டத்தில் மூன்று மீனாச்சிகள். ஆள் தெரிய, பெரிய மீனாச்சி, மூக்குத்தி மீனாச்சி என்றுதான் கங்காணி கூப்பிடுவார். உன் முறை வந்ததும், "புளுகு மீனாச்சி!" என்றார். "பாசி புழு திங்குதாம்ல! நாளைக்குத் தேயிலை ஆட்டைத் திங்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். வீட்டுக்கு வந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே, ஏன்?

வேலையை விட்டு நிற்கும்வரை அந்தப் பேருக்கே பதில் சொன்னாய். நீ செத்த அன்று லயத்து வீடுவீடாகச் சாவு சொல்லப் போனவனும், எந்த மீனாச்சி என்று கேட்டவர்களுக்கு அதைத்தான் சொன்னான். அப்போதாவது நான் தடுத்திருக்க வேண்டாமா?

போன மாசம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு டீச்சரம்மா வந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். குட்டையில் அந்த மஞ்சள் பூச் செடியை அள்ளி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"ஐயா, இது பூச்சி பிடிக்கிற செடி. உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்மா. கறுத்த பை தின்ன பை, வெளுத்த பை தின்னாத பை."

நிமிர்ந்து பார்த்தார். "ஆர் சொன்னது?"

"எம் பொஞ்சாதி."

"அவா என்ன படிச்சவா?"

"மலையில கொழுந்து படிச்சாம்மா."

சிரித்துக்கொண்டே கொப்பியைத் திறந்து உன் பேரைக் கேட்டார். பக்கத்து லயத்து முத்தையா முந்திக்கொண்டான்: "புளுகு மீனாச்சிங்க."

"வாயை மூடுடா. அவ சொன்னது நெசம்னு இந்தம்மாவே சொல்றாங்க. இத்தனை வருசமா புளுகுனது நாமதான். நானுந்தான்."

முத்தையா தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"முழுப் பேரா எழுதுங்கம்மா," என்றேன். "கருப்பண்ணன் மக மீனாட்சி." எழுதியதை வாசித்துக் காட்டினார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, புள்ள. துரை பங்களா வரைக்கும் கேட்கிற மாதிரி வாசித்திருந்தாலும் எனக்குப் போதாது.

இப்போது குட்டையில் இறங்கும் பெண்கள் அந்தப் பூவைத் தொடுவதில்லை. மீனாச்சிச் செடியாம். அவர்களே வைத்த பேர்.

கங்காணி இன்னும் இருக்கிறார், ஹல்துமுல்லையில் மகள் வீட்டில். காது மந்தமாம். வரும் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறப் போகிறேன். ஒரு போத்தலில் தண்ணீரோடு செடியை எடுத்துப் போய் அவர் கையில் கொடுப்பேன். கேட்கும்வரை கத்துவேன். அவர் வாயால் உன் சொந்தப் பேரைச் சொல்ல வைக்காமல் திரும்ப மாட்டேன். இது சத்தியம்.

அன்று உன் பக்கம் நிற்காத, இன்று நிற்கிற,
உன் புருஷன்