சின்ன மோட்டார்னு சொன்னேன்

நிக்டி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜான்சிக்கு அப்பா எழுதுறது. கர்த்தர் கிருபையால நான் உசுரோட நடமாடிக்கிட்டு இருக்கேன், முழங்கால் வலி மட்டும் பழையபடி. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்க சுகமா இருக்கணும்னு தினமும் ஜெபத்துல வைக்கேன். இந்தக் காலத்துல என்ன கடுதாசின்னு நெனைப்பே. போன்ல சொல்ல நாலு தடவை பாத்தேன், வாய் வரல. நீ எழுத்துக் கூட்டித்தான் தமிழ் வாசிப்பேன்னு தெரியும், அதான் பெருசு பெருசா எழுதுதேன். தனியா இருக்கும்போது மெதுவா வாசி.

இங்க மழை விட்டபாடில்ல, துணி காய மாட்டேங்குது. மாடி வீட்டு ஷபானா ரெண்டு நாளைக்கு ஒருக்க குழம்பு கொண்டு வந்து வைக்கா, வேண்டாம்னா கேக்க மாட்டேங்கா. அம்மை சேலையெல்லாம் கோயில்ல குடுத்துட்டேன், அந்தப் பச்சைச் சேலை மட்டும் உனக்கு இருக்கு. போன வாரம் ஆண்டனி மாப்பிள்ளை பேசினாரு. குட்டிக்கு இளைப்பு வந்தப்போ மருந்துப் புகை வைக்கிற மெஷினை நீ தொடவே மாட்டேன்னுட்டியாம். நான் தொட்டா நின்னுரும்னு அழுதியாம், அவரு ஆபீஸ்ல இருந்து ஓடி வந்து போட்டாராம். அன்னையில இருந்து எனக்குத் தூக்கம் இல்ல. ஏட்டி, நீ அனுப்புன மெஷின் கெட்டுப் போகல. கெட்டது என் புத்தி.

அம்மை கழுத்துல குழாய் வச்ச நாள்ல இருந்து, நீ டொராண்டோல இருந்து அனுப்புன அந்தச் சளி உறிஞ்சுற மெஷின்தான் ஒம்பது மாசம் அவளைக் காப்பாத்துச்சு. அம்மை போறதுக்கு முந்தின நாள் வீடு பெருக்கக் கட்டிலை இழுத்தேன், கட்டில் கால் அடாப்டர் வயர் மேல ஏறி உள்ள அறுந்து போச்சு. மெஷின் பேட்டரி ஏற்கெனவே செத்துக் கெடந்துது, மாத்தணும் மாத்தணும்னு தள்ளிப் போட்டதும் நான்தான். கடைக்கு ஓடினேன். பழைய அடாப்டர்ல பன்னிரண்டு வோல்ட், அஞ்சு ஆம்பியர்னு போட்டிருந்துது. கடைக்காரன் பாத்துட்டு, அஞ்சு ஆம்பியர் தூரத்துல புதவார் பேட்டை மார்க்கெட்டுலதான் கிடைக்கும் காகா, எங்கிட்ட கேமராவுக்குப் போடுற ரெண்டு ஆம்பியர்தான் இருக்கு, உங்களுக்கு எதுக்குன்னு கேட்டான். ஒண்ணும் இல்ல, ஒரு சின்ன மோட்டார்தான்னு சொன்னேன். அப்படின்னா சாலேல் காகான்னுட்டான். நாப்பது வருஷம் இந்த ஊர்ல இருக்கேன், மராத்தியில சாலேல்னா ஓடும்னும் அர்த்தம், பரவால்ல சமாளிக்கலாம்னும் அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? அவன் சமாளிக்கலாம்னான், நான் ஓடும்னு காதுல வாங்கிக்கிட்டேன். அவனைக் குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. பொண்டாட்டி மூச்சு இதுலதான் ஓடுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் குடுத்திருக்கவே மாட்டான். முப்பத்திரெண்டு வருஷம் பேக்டரியில மோட்டாரோட மாரடிச்சவன் நான். வோல்ட் ஒத்துப் போனா மட்டும் போதாது, பாரம் ஏறும்போது மோட்டார் கூடுதலா ஆம்பியர் கேக்கும்னு எத்தனை பேருக்கு வகுப்பு எடுத்திருப்பேன். அன்னைக்கு அம்மை முழிக்கிறதுக்குள்ள வீட்டுக்குப் போகணும், அவ்வளவுதான் மனசுல. வந்து ஒரு டம்ளர் தண்ணியில குழாயைப் போட்டுப் பாத்தேன், சர்ருன்னு இழுத்துது. நிம்மதியா டீ போட்டுக் குடிச்சேன்.

மறுநாள் காலைல பத்தரை மணிக்குச் சளி கெட்டியா அடைச்சுது. தண்ணி வேற, சளி வேற இல்லியா. மோட்டார் முக்குச்சு, நின்னுது, மறுபடி ஒரு உறுமல், மறுபடி நின்னுது. அடாப்டர் பாரம் தாங்காம தானா அணைஞ்சு அணைஞ்சு எரியுது. நான் சுவிட்சை ஆட்டுதேன், பிளக்கைத் தட்டுதேன். அம்மை என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டா. ஷபானா ஓடி வந்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னா, அது வர்றதுக்குள்ள பிடி விட்டுப் போச்சு.

அடக்கத்துக்கு வந்து அம்மை பெட்டி பக்கத்துல உக்காந்து, மட்டமான மெஷினை அனுப்பிட்டேனே அப்பான்னு நீ தலையில அடிச்சுக்கிட்டப்போ நான் பேசாம நின்னேன். அது மட்டும் இல்ல ஜான்சி, என்னை யாரும் ஒண்ணும் கேக்கலையேன்னு உள்ளுக்குள்ள ஒரு ஆசுவாசம் இருந்துது. பெத்த பிள்ளை தலையில பழி விழுது, எனக்கு ஆசுவாசம். அதை நெனைச்சாத்தான் சோறு இறங்கல. நீ பிளேன் ஏறுன மறுநாள் அந்தப் பழைய அடாப்டர் வயரை வெட்டி ஒட்டுனேன். பத்து நிமிஷ வேலை. மெஷின் இப்பவும் நல்லா ஓடுது.

குட்டியோட மெஷினுக்கு அடாப்டர் மாத்த வேண்டி வந்தா, வோல்ட் அதே வோல்ட்டா இருக்கணும். ஆம்பியர் கூட இருந்தா தப்பில்ல, குறையக் கூடாது. பின்னு பக்கத்துல பிளஸ் மைனஸ் படம் போட்டிருப்பான், ரெண்டும் ஒண்ணா இருக்கணும். இருக்கிற அடாப்டர் நல்லா இருந்தா எதையும் மாத்தாதே, பயப்படாம நீயே போட்டு விடு. பிள்ளை இளைக்கும்போது அதோட அப்பனுக்காகக் காத்துக்கிட்டு இருக்கக் கூடாது தாயி.

என்கிட்ட நீ பேசணும்னு கட்டாயம் இல்ல, கோவம் ஆற எத்தனை நாள் ஆனாலும் சரி, ஆறவே இல்லைன்னாலும் சரி. கர்த்தர் உன்னையும் உன் பிள்ளையையும் கண்ணுக்குள்ள வச்சுக் காக்கட்டும். இந்தக் கடுதாசியைக் கிழிச்சுப் போட்டுராதே. அந்த மெஷினை அனுப்பி அம்மையை நான்தான் கொன்னேன்னு எப்பவாவது உனக்குத் தோணுச்சுன்னா எடுத்து வாசி. ஆபீஸ்ல போடுற மாதிரி முழுக் கையெழுத்தே போட்டிருக்கேன்.

உன் அப்பா,
ம. கிறிஸ்டோபர்