ஐந்தாம் அத்தியாயம்

லீட்ஸ்,
4 பிப்ரவரி 2024

அன்பு லாவண்யா,

போனில் பேசினால் இருவருமே வக்கீலாகிவிடுகிறோம், அதனால் கடிதம். பட்டாபிராம் வீட்டில் மாடி கட்டி முடிந்ததா?

என் புத்தகம் முடியப்போகிறது. சட்டம் படித்து, அறவியலில் ஆய்வு செய்து, வணிக அறம் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இது வந்தால்தான் பேராசிரியர் பதவி. அதன் ஐந்தாம் அத்தியாயம் உன்னால் வந்தது. உங்கள் அம்பத்தூர் கம்பெனியில் ஒப்பந்த வேலைக்கு வரும் பெண்கள் கர்ப்பமானதும், ஒப்பந்தம் முடிந்தது என்று அனுப்பிவிடுகிறார்கள் என்றாயே, அதுதான். கம்பெனி பெயர் போடவில்லை. புத்தகத்தின் உயிரே இதுதான் என்கிறார் பதிப்பாசிரியர். படித்துப் பார்.

உன் நிஷா

பட்டாபிராம்,
20 பிப்ரவரி

அடி நிஷா,

படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய், அதுதான் பிரச்சினை. காருக்கு ஒயரிங் செய்யும் கம்பெனி, சட்ட அதிகாரி ஒரு பெண் என்றெல்லாம் இருக்கிறது. அது நான்தான் என்று கண்டுபிடிக்க எங்கள் எம்.டி.க்கு இது போதாதா?

ஆவடி ஸ்டேஷன் வாசலில் அத்தோ நூடுல்ஸ் தின்றுகொண்டே தோழியிடம் புலம்பினேன். அதற்கு அடிக்குறிப்பு போடுவாய் என்று தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். எடுத்துவிடு. கோபம் இல்லை என்று எழுத ஆசைதான். கொஞ்சம் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் ஸ்ரீராம் உன்னை விசாரித்தார். மாடி இன்னும் முடியவில்லை.

லாவண்யா

லீட்ஸ்,
11 மார்ச்

லாவண்யா,

எடுத்துவிட்டேன். ஊருக்கு நன்மை என்று எனக்குள்ளேயே வாதாடிப் பார்த்தேன். நன்மை ஊருக்கு, வேலை போவது உனக்கு. அதற்குமேல் வாதம் ஓடவில்லை. அந்த இடத்தில் இப்போது ஒரு வங்கியின் கதை இருக்கிறது. எனக்கே தூக்கம் வருகிறது.

கொஞ்சம் கோபம் என்றாயே, எவ்வளவு கொஞ்சம்?

நிஷா

பட்டாபிராம்,
15 செப்டம்பர்

என் நிஷாவுக்கு,

கோபம் எப்போதோ போய்விட்டது. எழுதத்தான் நேரமில்லை.

நூம்பலிலிருந்து வேலைக்கு வரும் வேம்புலியம்மாள் ஜூனில் ஒருநாள் என் அறைக்கு வந்தாள். அப்போது அவளுக்கு ஐந்து மாதம். "புள்ள உண்டானா கை வேலைய மறந்துடுமா இன்னா மேடம்?" என்று கேட்டாள். ஒப்பந்தம், விதி என்று வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லாமல் நேரே எம்.டி.யிடம் போய், இனி ஒப்பந்தம் முடிந்தது என்ற காகிதங்களில் கையெழுத்துப் போட மாட்டேன், வழக்கு வந்தால் நிற்கவும் மாட்டேன் என்றேன்.

ஒரு வாரம் கேண்டீனில் என் மேஜைக்கு யாரும் வரவில்லை. பிறகு சூப்பர்வைசர் தசரதன், "புதுசா வர்றவங்களுக்குக் கத்துக்குடுத்தே லைன் நின்னு போவுது சார்" என்று எம்.டி.யிடம் சொன்னாராம். மறுநாள் எம்.டி. கூப்பிட்டு, எப்படி மாற்றலாம் என்று எழுதித் தரச் சொன்னார். ஜெயித்தது அறமா லாபமா, அதை நீதான் சொல்ல வேண்டும். வேம்புலியம்மாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு. முன்பு அனுப்பியவர்களையும் கூப்பிட்டாயிற்று, மூன்று பேர் வந்துவிட்டார்கள்.

இப்போது எழுது. என் பெயரையும் போட்டுக்கொள்.

உன் லாவண்யா

லீட்ஸ்,
2 அக்டோபர்

என் செல்ல லாவண்யா,

புத்தகம் அச்சாகிவிட்டது, வங்கிக் கதையோடு. பதவிக் குழு ஒரு வருடம் தள்ளிவைத்துவிட்டது. நூல் சிறப்பாம், நேரடி அனுபவம்தான் குறைவாம். படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அடுத்த புத்தகத்தில் எழுதலாம். ஆனால் ஒன்று உறைத்தது. எழுதிவிட்டு உன்னிடம் காட்டினேன், உனக்காக எடுத்தேன். அந்தப் பெண்களை நாம் இருவருமே கேட்கவில்லை.

டிசம்பர் கடைசியில் வருகிறேன். நூம்பலுக்குக் கூட்டிப்போ. குழந்தையைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று சொல், உண்மையும் அதுதான். மற்றதை வேம்புலியம்மாள் சொல்ல விரும்பினால் கேட்டுக்கொள்கிறேன்.

உன் நிஷா